அன்னா நிக்கோலயெவ்னாவின் கையெழுத்து

எம்.பி.பி.எஸ். படிக்கும் தம்பியோ தங்கையோ உங்கள் வீட்டில் இருந்தால், அவர்களுடைய லாக் புக்கை ஒருமுறை வாங்கிப் புரட்டிப் பாருங்கள். இலக்கியம் வாசிக்கிறவர்கள் பார்க்க வேண்டிய பிரதி அது. 2019-இல் சேர்ந்த மாணவர்களிலிருந்து நாடு முழுக்க நடைமுறைக்கு வந்த, திறன் அடிப்படையிலான பாடத்திட்டத்தின் நோட்டு. ஒவ்வொரு பக்கமும் ஒரு அட்டவணை. திறனின் எண், செய்த வேலையின் பெயர், தேதி. அப்புறம் இது முதல் முயற்சியா, மறு முயற்சியா, தேறாததால் திரும்பச் செய்ய வைத்ததா என்று ஒரு கட்டம். அடுத்தது மதிப்பீடு: எதிர்பார்ப்புக்குக் கீழே என்றால் 'பி', எதிர்பார்த்தபடி என்றால் 'எம்', அதற்கும் மேலே என்றால் 'ஈ'. பக்கத்தில் முடிந்ததா இல்லையா என்ற முடிவு. அதற்கு ஆசிரியரின் சுருக்கொப்பம். கடைசிக் கட்டத்தில் 'ஃபீட்பேக் பெற்றுக்கொண்டேன்' என்பதற்கு மாணவரின் சுருக்கொப்பம்.

இதில் கையெழுத்துப் போடுகிற தரப்பு நான். சொந்த ஊர் சின்னமனூர் பக்கம். வேலை வேறொரு மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரியில். மாதக் கடைசியில் இருபது முப்பது நோட்டுகள் அடுக்காக மேசைக்கு வரும். பெரும்பாலான கட்டங்களில் 'எம்'தான் விழும். மாணவர்களுக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும். இந்த நோட்டு வருவதற்கு முந்தைய காலத்தை நினைத்தால் குறை சொல்ல வாய் வராது. அப்போதெல்லாம் ஒருவர் ஒரு தடவைகூட சிறுநீர்க் குழாய் போடாமலே டாக்டராகி வெளியே போய்விட முடியும், கேட்க நாதியில்லை. எனவே நோட்டு வேண்டாம் என்பதல்ல என் கட்சி. அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதை, ஒரு கதையை வாசிப்பதுபோல வாசித்துப் பார்க்கிறேன். துணைக்கு மூன்று பேரை வைத்துக்கொள்கிறேன்: மிகயீல் புல்ககோவ், ஜெயமோகன், அதுல் கவாண்டே.

முதலில் நோட்டின் இலக்கணம். இந்தப் பாடத்திட்டத்தின் அடியில் இருப்பது ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1990-இல் வரைந்த ஒரு பிரமிடு. நான்கு படிகள்: தெரியும், எப்படி என்று தெரியும், செய்து காட்டுவார், செய்வார். எளிமையான, அழகான கருத்து. பரிட்சையில் பதில் எழுதுகிறவருக்கும் நோயாளியின் படுக்கையருகே நின்று அதைச் செய்கிறவருக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதை நான்கு வினைச்சொற்களில் சொல்லிவிட்டார். ஆனால் இலக்கணம் படித்தவர்கள் கவனிக்க வேண்டியது, நான்கு வினைகளுக்கும் எழுவாய் ஒரே ஆள்தான். தெரிந்துகொள்வதும் அவர், செய்வதும் அவர். யாரிடமிருந்து தெரிந்துகொண்டார், யார் உடம்பில் செய்தார், செய்யும்போது பக்கத்தில் யார் நின்றார்? பிரமிடில் ஆள் நடமாட்டமே இல்லை. நமது லாக் புக் இந்த வெறிச்சோடிய பிரமிடுக்கு ஒரே ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தது, அதுவும் கையெழுத்துப் போடுவதற்கு.

'சூப்பர்விஷன்' என்ற சொல்லுக்கு நாம் வைத்திருக்கும் தமிழும் அதற்குத் தோதானதுதான்: மேற்பார்வை. மேலே இருந்து பார்ப்பது. கட்டட வேலையில் மேஸ்திரி பார்ப்பது, பரிட்சை அறையில் கண்காணிப்பாளர் பார்ப்பது. வார்டில் உண்மையில் நடக்கும், நடந்தே ஆக வேண்டிய காரியத்துக்கு எங்கள் ஊர்ப் பேச்சில் வேறு ஒரு சொல் இருக்கிறது. "நீ செய்யி, நான் கூட நிக்கிறேன்" என்பார்கள். மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போடப் பழகும் பையனிடமும் இதைத்தான் சொல்வார்கள், முதன்முதலாகத் திராட்சைப் பந்தலில் கவாத்துக் கத்தரியைப் பிடிக்கிற பிள்ளையிடமும் இதைத்தான். கூட நிற்கிறவர் பார்ப்பது மேலிருந்து அல்ல.

புல்ககோவிடம் வருகிறேன். அவர் கீவ் பல்கலைக்கழகத்தில் 1916-இல் மருத்துவம் முடித்தவர். அந்த ஆண்டே ஸ்மோலென்ஸ்க் மாகாணத்தில் நிக்கோல்ஸ்கோயே என்ற கிராமத்து மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். வயது இருபத்தைந்து. சுற்றிலும் பனி, பக்கத்தில் வேறு டாக்டர் கிடையாது. ஒரு வருடம் அங்கே இருந்தார். அந்த அனுபவத்திலிருந்து எழுதிய கதைகள் 1925, 26-இல் மருத்துவ ஊழியர்களுக்கான ஒரு ரஷ்யப் பத்திரிகையில் வந்தன. 'ஒரு இளம் மருத்துவரின் குறிப்புகள்' என்று இப்போது நமக்குக் கிடைக்கும் தொகுதி அதுதான். அதில் ஒரு கதையில் கர்ப்பப்பைக்குள் குழந்தை குறுக்காகக் கிடக்கிறது. கையை உள்ளே விட்டு, குழந்தையைத் திருப்பி, காலைப் பிடித்து இழுக்க வேண்டும். (இன்றைக்கு என்றால் நேரே சிசேரியன். அன்றைக்கு அந்தக் கிராமத்தில் அதற்கு வழியில்லை.) நம் இளம் டாக்டர் பிரசவப் பாடத்தில் மிக உயர்ந்த மதிப்பெண் வாங்கியவர். ஆனால் இதைச் செய்ததில்லை.

அவர் என்ன செய்கிறார்? சிகரெட் எடுத்துவர வேண்டும் என்று ஒரு சாக்கைச் சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்கு ஓடுகிறார். டோடர்லைன் எழுதிய பிரசவ அறுவைப் புத்தகத்தை அவசர அவசரமாகப் புரட்டுகிறார். ஒன்றும் தலையில் ஏறவில்லை. பக்கத்துக்குப் பக்கம் ஆபத்து, கிழிதல், மரணம் என்றுதான் கண்ணில் படுகிறது. திரும்பி வந்து கை கழுவுகிறார். அப்போதுதான் மருத்துவச்சி அன்னா நிக்கோலயெவ்னா பேசத் தொடங்குகிறார். இதற்கு முன்னால் இங்கே இருந்த அனுபவசாலியான டாக்டர் இந்த மாதிரிக் கேஸில் என்ன செய்வார், எப்படிச் செய்வார் என்று போகிறபோக்கில் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டே போகிறார். 'உனக்குத் தெரியாது, நான் சொல்லித் தருகிறேன்' என்ற தொனி அதில் எங்கேயும் இல்லை. பழைய கதை பேசுவதுபோலத்தான். டாக்டர் ஒரு வார்த்தை விடாமல் பிடித்துக்கொள்கிறார். பரிட்சைக்காகப் படித்த அத்தனையையும்விட, கை கழுவிய அந்தப் பத்து நிமிடம் அதிகமாகக் கற்றுத் தந்தது என்கிறார் கதைசொல்லி.

தாயும் பிழைக்கிறாள், குழந்தையும் பிழைக்கிறது. முடிந்த பிறகு அன்னா, நன்றாகச் செய்தீர்கள் டாக்டர், தயங்காமல் செய்தீர்கள் என்கிற மாதிரி ஏதோ சொல்கிறார். டாக்டர் ஓரக்கண்ணால் அவர் முகத்தைப் பார்க்கிறார்: கேலி செய்கிறாரோ? இல்லை, அவர் முகத்தில் இருப்பது உண்மையான பெருமிதம். மருத்துவக் கல்வி பற்றி எழுதப்பட்டவற்றில் 'ஃபீட்பேக்' என்பதன் ஆகச் சிறந்த சித்திரம் இதுதான் என்பது என் எண்ணம். பெற்றுக்கொண்டவர் சுருக்கொப்பம் போட வேண்டியிருக்கவில்லை.

கதையின் கடைசியில் டாக்டர் தன் அறைக்குத் திரும்பி அதே டோடர்லைனைத் திறக்கிறார். சற்றுமுன் இருட்டாக இருந்த பக்கங்கள் எல்லாம் இப்போது துலங்குகின்றன. புத்தகம் மாறவில்லை. நடுவில் ஒருவர் கூட நின்றிருக்கிறார். 'புத்தகமா அனுபவமா' என்று நம்மூரில் ஓயாமல் நடக்கும் பட்டிமன்றத்தை இந்தக் கதை ஒரு இரவில் முடித்துவைத்துவிடுகிறது என்று சொல்லலாம்.

இதே ரஷ்யக் கிராம மருத்துவமனையைச் செகாவ் நாற்பது வருடம் முன்னாலேயே காட்டியிருக்கிறார். 1884-இல் அவர் எழுதிய 'அறுவைச் சிகிச்சை' என்ற குட்டிக் கதையில் டாக்டர் கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போய்விட்டார். உதவியாளர் குர்யாத்தின் ஒரு கோயில் ஊழியரின் பல்லைப் பிடுங்குகிறார். பல் உடைகிறது, இரண்டு பேரும் திட்டிக்கொள்கிறார்கள். வாசித்துச் சிரிக்காதவர் இருக்க முடியாது. கூட நிற்க ஆள் இல்லாத இடத்தில் திறமைக்குறைவு ஜம்பமாக மாறுகிறது. குர்யாத்தினுக்கு 'பி' போட ஒருவர் இருந்திருந்தால்கூட அந்தப் பல் உடைந்துதான் இருக்கும். அவருக்குத் தேவைப்பட்டது பக்கத்தில் ஒரு அன்னா.

இதெல்லாம் நூறு வருடத்துக்கு முந்தைய ரஷ்யா என்று தள்ளிவிட வேண்டாம். கடமலைக்குண்டு தாண்டி வருசநாட்டுப் பக்கமோ, போடி மெட்டுக்கு ஏறும் வழியிலோ உள்ள ஊர்களை நினைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்து, தேர்வு வாரியம் மூலம் தேர்வாகி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு உதவி மருத்துவராகப் போகிறவர்களில் நிறைய பேருக்குப் புல்ககோவின் வயதுதான். அங்கே அவருக்கு முன்னாலிருந்தே ராத்திரி ராத்திரியாகப் பிரசவம் பார்த்துக்கொண்டிருப்பவர் ஸ்டாஃப் நர்ஸ். மருத்துவக் கல்லூரியிலும் கதை இதுதான். லேபர் வார்டில் முதல் பிரசவத்தை ஹவுஸ் சர்ஜனுக்குக் கையைப் பிடித்துக் காட்டித் தருகிறவர் பல நேரம் அங்கே பதினைந்து வருடமாக இருக்கும் சிஸ்டர்தான். "தம்பி, அவசரப்படாதீக, தலை தானா வரட்டும். கையை இங்க குடுங்க" என்பார். அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கும் பாடம் அட்டவணையில் ஒரு எண்ணாக இருக்கிறது. சொன்னவர் எங்கேயும் இல்லை. சிஸ்டருக்கு லாக் புக்கில் கட்டமே கிடையாது.

புல்ககோவையும் சும்மா விட வேண்டியதில்லை. நிக்கோல்ஸ்கோயேவில் அவர் தனியாக இருக்கவில்லை. முதல் மனைவி தத்தியானா லாப்பா கூடவே இருந்தார். கதைகளிலோ டாக்டர் பிரம்மச்சாரி, பனிக்காட்டில் தன்னந்தனி. அன்னாவுக்குக் கதையில் கையெழுத்து கிடைத்தது, தத்தியானாவுக்குக் கிடைக்கவில்லை. அவரவர் லாக் புக்கில் ஏதாவது ஒரு கட்டம் விடுபட்டுத்தான் போகிறது.

இரண்டாவது கதை உங்களில் பெரும்பாலானோர் படித்தது. 'யானை டாக்டர்', 2011-இல் வந்தது, 'அறம்' தொகுதியில் இருக்கிறது. டாப்சிலிப்பில் பணியாற்றிய கால்நடை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தியின் வாழ்க்கையிலிருந்து உருவானது. இந்தக் கதையை நாம் எல்லோரும் லட்சியவாதத்தின் கதையாகவே வாசித்திருக்கிறோம். காட்டில் வீசிய பீர் பாட்டில், யானைகளின் துதிக்கை வணக்கம், கிடைக்காமல் போன விருது, இவைதான் மனதில் நிற்கின்றன. 2023 மே மாதக் கடைசியில் அரிக்கொம்பன் கம்பம் ஊருக்குள் வந்து தெருவில் ஓடியபோது எங்கள் பள்ளத்தாக்கு வாட்ஸ்அப் குழுக்களில் இந்தக் கதையின் சுட்டி சுற்றிச் சுற்றி வந்தது. எல்லோருக்கும் திடீரென்று டாக்டர் கே. தேவைப்பட்டார்.

நான் அதை இப்போது ஒரு கற்பித்தல் கதையாக வாசிக்கிறேன். கதைசொல்லி இளம் வனத்துறை அதிகாரி. அழுகிய யானையின் உடலை டாக்டர் கே. அறுத்துப் பார்க்கும் இடத்தில் அவன் நிற்க முடியாமல் தவிக்கிறான். டாக்டர் அவனை விரட்டவுமில்லை, அவனுக்குப் பிரசங்கமும் செய்யவில்லை. தன் வேலையைச் செய்கிறார், அவனைப் பக்கத்தில் நிற்க விடுகிறார். அருவருப்பின் உச்சமாகத் தோன்றிய புழுவை, அதுவும் ஒரு குழந்தைதான் என்று பார்க்கிற இடத்துக்கு அவன் மெல்ல வந்து சேருகிறான். மருத்துவ மாணவர் யாரைக் கேட்டாலும் தெரியும், சர்க்கரை நோயில் அழுகிய காலில் புழு வைத்த முதல் கேஸை அவர்கள் மறப்பதில்லை. அன்றைக்குப் பக்கத்தில் யார் நின்றார், மூக்கைப் பொத்தினாரா, நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேசினாரா என்பதுதான் அந்த மாணவர் பின்னாளில் எப்படிப்பட்ட டாக்டர் ஆவார் என்பதில் பாதி.

ஆனால் கதையில் ஒரு வசதி இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. டாக்டர் கே.வுக்கு அந்த இளைஞன்மேல் எந்த அதிகாரமும் இல்லை. அவன் அவருடைய மாணவன் அல்ல. அவனுடைய தேர்ச்சி, பதவி உயர்வு, சான்றிதழ் எதுவும் அவர் கையில் இல்லை. எனவே அவன் அவர் முன்னால் பயப்படலாம், வாந்தி எடுக்கலாம், முட்டாள்தனமான கேள்வி கேட்கலாம். அன்னா நிக்கோலயெவ்னாவுக்கும் அப்படித்தான். சொல்லப்போனால் அவர் டாக்டருக்குக் கீழே வேலை செய்கிறவர். இரண்டு கதையிலும் கற்பித்தல் நடந்த இடம் கையெழுத்து அதிகாரம் இல்லாத இடம். ஜெயமோகன் இதைத் திட்டமிட்டுச் செய்தாரா என்று தெரிய வேண்டியதில்லை. கதையின் அமைப்பு அப்படி வந்து விழுந்திருக்கிறது. கதையை வெறும் குரு வணக்கமாக வாசிக்கும்போது நாம் தவறவிடுவது இதைத்தான். குருவின் காலில் விழுந்தவன் குருவிடம் 'எனக்கு இது தெரியாது' என்று சொல்வதற்கு ரொம்ப நாளாகும்.

வார்டு ரவுண்ட்ஸைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். சீஃப் முன்னால், பின்னால் உதவிப் பேராசிரியர்கள், அப்புறம் முதுநிலை மாணவர்கள், வாசல்வரை ஹவுஸ் சர்ஜன்கள். கேள்வி வருகிறது. தெரியாதவர் முன்னால் இருப்பவரின் முதுகுக்குப் பின்னால் அரை அடி நகர்கிறார். தெரியாததைத் தெரிந்ததுபோலக் காட்டுகிற கலையில் நாம் அங்கேதான் பட்டம் வாங்குகிறோம். ரவுண்ட்ஸ் முடிந்து சீஃப் போன பிறகு முதுநிலை மாணவர் ஹவுஸ் சர்ஜனிடம், "வா, டீ குடிச்சுட்டே சொல்றேன்" என்கிறாரே, பாடம் அங்கே ஆரம்பிக்கிறது. லண்டனில் 1950-களில் மைக்கேல் பாலிண்ட் என்ற உளப்பகுப்பாய்வாளர் இந்த டீக்கடைப் பேச்சை ஒரு முறையாகவே ஆக்கினார். பொது மருத்துவர்கள் வட்டமாக உட்கார்ந்து தங்களை உலுக்கிய ஒரு நோயாளியைப் பற்றிப் பேசுவார்கள். மதிப்பெண் இல்லை, தேர்ச்சி இல்லை. இன்றும் உலகம் முழுக்க பாலிண்ட் குழுக்கள் கூடுகின்றன. அதன் தூரத்துப் பேரப்பிள்ளைதான் நம் லாக் புக்கில் இருக்கும் 'ரிஃப்ளெக்‌ஷன்' பக்கம்: என்ன நடந்தது, அதனால் என்ன, அடுத்து என்ன என்று மூன்று கேள்விக்கு எழுத வேண்டும். பேரப்பிள்ளைக்குத் தாத்தாவின் ஜாடை கொஞ்சமும் இல்லை, ஏனென்றால் இதற்கும் ஒருவர் கையெழுத்துப் போடுகிறார். விளைவு: எழுபது பேர் ஒரே 'ரிஃப்ளெக்‌ஷனை' எழுதிக்கொண்டு வருவார்கள், சில சமயம் எழுத்துப்பிழையோடு சேர்த்து.

கூட நிற்பது எவ்வளவு முக்கியம் என்பதை அமெரிக்கா ஒரு சாவின் மூலம் கற்றது, பிறகு பாதியை மறந்தும் விட்டது. 1984 மார்ச்சில் லிபி சயான் என்ற பதினெட்டு வயதுப் பெண் நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் சேர்ந்த சில மணி நேரத்தில் இறந்துபோனார். ராத்திரி அவரைப் பார்த்துக்கொண்டவர்கள் பயிற்சியில் இருந்த இரண்டு இளம் டாக்டர்கள். மூத்த டாக்டர் தொலைபேசியில். விசாரணைக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் பெர்ட்ரண்ட் பெல். 1989-இல் நியூயார்க்கில் புதிய விதிகள் வந்தன. வாரத்துக்கு 80 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்ற விதியைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. பெல் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தது வேறு: மணிக்கணக்கைவிட முக்கியம், மூத்தவர்கள் ஆஸ்பத்திரியில் நேரில் இருப்பது. மணியை எண்ணலாம், நோட்டில் எழுதலாம். கூட நின்றதை எப்படி எண்ணுவது? அதனால் எண்ண முடிந்தது மட்டும் நிலைத்தது. நம் லாக் புக் விஷயத்திலும் இதேதான் நடந்திருக்கிறது என்று தோன்றுகிறது.

மூன்றாவது பிரதி கொஞ்சம் சங்கடமானது. அதுல் கவாண்டே 2002-இல் நியூயார்க்கரில் எழுதி, பிறகு தன் முதல் புத்தகத்தில் சேர்த்த கட்டுரை. அறுவைச் சிகிச்சைப் பயிற்சியில் இருக்கும்போது நெஞ்சின் பெரிய சிரைக்குள் குழாய் செலுத்தப் பழகியதைச் சொல்கிறார். பலமுறை தவறுகிறது, மூத்தவர் வாங்கிச் செய்கிறார். ஒருநாள், ஏனென்று புரியாமலே, சரியாகப் போய்விடுகிறது. இந்தப் பகுதியை மட்டும் எடுத்து மாணவர்களுக்கு ஊக்கம் தரும் பாடமாக வைத்துவிடலாம். கவாண்டே அத்துடன் நிறுத்தவில்லை. அவருடைய கைக்குழந்தைக்கு இதயக் கோளாறு வந்தபோது, தொடர்ந்து பார்த்துக்கொள்ளப் பயிற்சியில் இருந்த ஓர் இளம் மருத்துவர் முன்வருகிறார். கவாண்டேயும் மனைவியும் மூத்த நிபுணரிடமே போகிறார்கள். எல்லோரும் கற்றாக வேண்டும், ஆனால் என் பிள்ளை மேல் வேண்டாம். இளம் டாக்டர்கள் பழகும் பாரம் யாருக்கு இந்த மாதிரித் தேர்வு செய்ய வாய்ப்பில்லையோ அவர்கள் மேல் போய் விழுகிறது என்று அவரே ஒத்துக்கொள்கிறார்.

கட்டுரையின் நேர்மையைப் புகழாதவர் இல்லை. ஆனால் அந்த நேர்மையோடு கட்டுரை நின்றுவிடுகிறது என்பது என் மனக்குறை. தேர்வு செய்ய முடியாதவர் யார், அவர் என்ன சொல்வார் என்று கேட்க கவாண்டே வார்டுக்குத் திரும்பிப் போகவில்லை. அந்த ஆளை எனக்குத் தெரியும். எங்கள் ஊர்ப் பக்கம்தான் இருக்கிறார்.

க.விலக்கில் 2004-இல் மருத்துவக் கல்லூரி வரும்வரை பள்ளத்தாக்குக்குப் 'பெரியாஸ்பத்திரி' என்றால் மதுரைதான். இப்போது கூடலூர், கம்பம், உத்தமபாளையம், போடி என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் பாம்புக் கடியும், பூச்சிமருந்து குடித்த கேஸும், ஏலக்காய் எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப்போன ஜீப் கவிழ்ந்த கேஸும் அங்கே போய்ச் சேருகின்றன. ஏராளமான உயிர்களை அது காப்பாற்றியிருக்கிறது. அதே சமயம் வசதியுள்ளவர்களின் கார் இன்னும் தேனியைத் தாண்டி மதுரைக்குத்தான் போகிறது. நடுவில் இருப்பவர்கள் எனக்கு போன் அடிப்பார்கள். "பாப்பா, அத்தைய க.விலக்குல சேத்துருக்கோம். உனக்குத் தெரிஞ்ச ஆளு யாரும் இருக்காகளா? பெரிய டாக்டர வந்து ஒரு எட்டு பாக்கச் சொல்லு. சின்னப் புள்ளைகதான் வந்து வந்து பாத்துட்டுப் போகுதுக." நான் போன் பண்ணிச் சொல்வேன். அதைத் தவறென்று நினைக்கவில்லை. என் அத்தைக்கு நான் செய்யாமல் வேறு யார் செய்வது? கவாண்டே செய்ததும் அதுதான். ஆனால் பாப்பா என்று கூப்பிட ஒரு டாக்டர் இல்லாத வீடுகள்தான் பள்ளத்தாக்கில் அதிகம். வெள்ளெனவே எழுந்து தூக்குச்சட்டியில் கஞ்சியோடு கம்பம் மெட்டு ஏறி, பொழுதுசாய இறங்குகிற பெண்கள். நாம் எல்லோரும் டாக்டர் ஆனது அவர்களுடைய நரம்பில் ஊசி குத்திப் பழகித்தான். லாக் புக்கில் அவர்களுக்கும் கட்டம் இல்லை. பெயர் எழுதக் கூடாது என்பது நியாயம்தான், ரகசியம் காக்க வேண்டும். ஆனால் 'நோயாளி சம்மதித்தாரா, எத்தனை தடவை பொறுத்துக்கொண்டார்' என்று கேட்கிற கட்டம்கூட இல்லை.

இதற்கு மாற்று, பெரிய டாக்டர் மட்டுமே எல்லோரையும் தொடுவது அல்ல. அது நடக்காது, நடந்தால் அடுத்த தலைமுறைக்குப் பெரிய டாக்டரே இருக்க மாட்டார். சின்னப் பிள்ளைகள் தொடத்தான் வேண்டும். கூட யார் நிற்கிறார்கள் என்பதுதான் கேள்வி. பழகும் பாரத்தை ஏழைகள் மேல் இறக்கிவைத்திருக்கும் ஊரில், கூட நிற்பது என்பது கற்பித்தல் முறை சார்ந்த விஷயம் மட்டுமல்ல, அவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடனும்கூட. கவாண்டேயின் கட்டுரையில் நான் தேடியது இந்த வாக்கியத்தை. ஒருவேளை அவர் வேறு எங்காவது எழுதியிருக்கலாம். இந்தக் கட்டுரைக்குள் அது வந்திருக்க வேண்டும்.

சில மாதங்களாக நான் செய்துபார்க்கும் ஒரு விஷயம் உண்டு. பெரிய சீர்திருத்தம் ஒன்றும் இல்லை. கையெழுத்துப் போடும்முன் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன்: "செய்யும்போது கூட யார் நின்னா?" ஆரம்பத்தில் மாணவர்கள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்கள், ஏதோ பொறி வைக்கிறேன் என்று. "நீங்கதான் மேம்" என்றுகூட ஒருவன் சொன்னான். அன்றைக்கு நான் விடுப்பில் இருந்தேன். பிறகு மெதுவாகப் பெயர்கள் வர ஆரம்பித்தன. சிஸ்டர்கள், முதுநிலை மாணவர்கள், இரண்டு முறை ஒரே ஓ.டி. டெக்னீஷியன். அந்தப் பெயரை ஓரத்து வெள்ளையில் பென்சிலால் எழுதிவைக்கச் சொல்கிறேன். "யாரும் இல்ல மேம்" என்ற பதிலும் வருகிறது. அதையும் எழுதச் சொல்கிறேன். அந்தப் பதில் எந்தெந்த வார்டிலிருந்து, எந்த நேரத்து டூட்டியிலிருந்து வருகிறது என்று பார்க்க ஆரம்பித்தால் 'எம்'களின் அடுக்கு சொல்லாத நிறைய விஷயங்கள் தெரிகின்றன.

போன பூஜை விடுமுறை முடிந்து வந்த ஒரு ஹவுஸ் சர்ஜன் பெண்ணின் 'ரிஃப்ளெக்‌ஷன்' பக்கம் மற்றவர்களுடையதைப் போல இல்லை. போடிக்காரப் பெண். விடுமுறையில் ஊருக்குப் போன இடத்தில் அவளுடைய அப்பத்தாவைக் காய்ச்சலுக்கு மலையடிவாரத்து மருத்துவமனை ஒன்றில் சேர்த்திருக்கிறார்கள். அப்பத்தா நாற்பது வருடம் எஸ்டேட் கூலி. வென்ஃப்ளான் போட வந்தவள் இவள் வயதுதான். இரண்டு தடவை குத்தி நரம்பு கிடைக்கவில்லை. இவள் தானும் டாக்டர் என்று சொல்லவில்லை, ஊசியைக் கையிலிருந்து வாங்கவும் மனம் வரவில்லை, அங்கேயே நின்றிருக்கிறாள். அந்தப் பெண்ணின் கை நடுங்கியிருக்கிறது. அப்பத்தாதான் சொல்லியிருக்கிறார், "இன்னொரு தடவ பாருத்தா. பரவால்ல, எங்கிட்டயே பழகிக்க." அடுத்த கட்டிலில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்த சிஸ்டர் யாரும் கூப்பிடாமலே வந்து, அப்பத்தாவின் முழங்கையை விளக்குப் பக்கம் திருப்பிவைத்து, "கண்ணால தேடாதீங்கம்மா, விரலால தேடுங்க" என்று அந்தப் பெண்ணின் ஆள்காட்டி விரலை எடுத்து வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றாராம். மூன்றாவது தடவை கிடைத்துவிட்டது.

இதை எந்தத் திறன் எண்ணின் கீழே எழுதுவது என்று கேட்டாள் அவள். அவள் செய்ததில்லை, அவள் கல்லூரியில் நடந்ததுமில்லை. அட்டவணையை இரண்டு பேரும் மேலிருந்து கீழே பார்த்தோம். கடைசியில் எண் போடாமல் அப்படியே விடச் சொன்னேன். "அந்த சிஸ்டர் பேர் என்ன?" என்றேன்.

"கேக்கலையே மேம்" என்றாள். பிறகு, "அப்பத்தாவுக்குத் தெரிஞ்சிருக்கும். அது எல்லார்ட்டயும் பேர், ஊர், எத்தனை புள்ளைகன்னு கேட்டுரும்" என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்தாள்.